கல்மரம் முதல் கரைவெட்டி வரை: சிறாருக்கான ஒரு நாட் பயணப் பாடம்

மார்கழி, தை மாதங்களில் குடும்பத்தோடு தல யாத்திரை செல்லும் வழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக உள்ளது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து புறப்பட்டுத் தஞ்சை, கும்பகோணம், தீபங்குடி, மன்னார்குடி ஜினாலயங்களைத் தரிசிக்கச் செல்வோர் சிலர் பெரம்பலூர் வழியாகப் போகின்றனர். வண்டி எங்கேனும் சற்று நிற்கும். பிள்ளைகள் கண்விழித்துப் பார்ப்பர். பருத்திக் கொல்லையும் மக்காச்சோளமும் சிமெண்டு லாரிகளும் தெரியும். மறுபடி உறங்கிவிடுவர். அவர்கள் உறங்கிக் கடக்கும் அந்த நிலத்தைப் படிப்பதற்காகப் புவியியல் அறிஞர்கள் நூற்றெண்பது ஆண்டுகளாகத் தேடி வருகின்றனர். யாத்திரையில் ஒரே ஒரு நாளை மிச்சப்படுத்தி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோருக்காக இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஆசிரியப் பயிற்சியில் வெளிப்பயணம் என்றொரு பகுதி உண்டு. போகுமுன் ஒரு பாடம், போன இடத்தில் பார்வை, திரும்பியபின் ஒரு வேலை என்பது அதன் முறை. முதற்பகுதியைப் பலரும் விட்டுவிடுவதால்தான் பிள்ளைகளுக்குப் பயணம் என்றால் பலகாரமும் வாந்தியும் மட்டுமே நினைவில் நிற்கின்றன. எனவே புறப்படுவதற்கு முந்திய வாரம் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்க. கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, முதலில் களிமண், அடுத்த நாள் மணல், அதற்கடுத்த நாள் சுண்ணாம்புத்தூள் என ஒவ்வொரு பிடி இட்டுப் படியவிடுக. இடையே ஒரு சிறு கிளிஞ்சலையும் போடுக. எது அடியில் உள்ளதோ அதுவே முந்தியது; கிளிஞ்சல் எந்த அடுக்கில் கிடக்கிறதோ அந்த நாளைச் சேர்ந்தது. இதனைப் பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால் அரியலூர்ப் பாடத்தில் பாதி முடிந்தது.

மறுபாதி கடலைப் பற்றியது. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலம் ஒன்றுண்டு. அதனைக் கோண்டுவானா என்பர். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் பிளந்து இந்தியா தனியே விலகலாயிற்று. பிளந்த விளிம்பில், இன்றைய காவிரிப் படுகை இருக்குமிடத்தில், நிலம் தாழ்ந்து கடல் உள்ளே புகுந்தது. புகுந்த கடல் ஒரே நிலையில் நில்லாமல், ஏறியும் பின்வாங்கியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் இங்கே அலைவீசிற்று. அக்காலப்பகுதிக்குக் கிரிட்டேசியஸ் காலம் என்று பெயர். அந்தக் கடலின் சேறும் மணலும் சிப்பியும்தாம் இன்று கொல்லைமண்ணாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் இருக்கின்றன.

கோடி என்றவுடன் பிள்ளைகள் மிரள்வர் என்று அஞ்ச வேண்டா. பல்யம், சாகரம் என்ற கால அளவைகளைப் பாட்டிமார் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 10 கோடி ஆண்டு சிறுதொகையே. ஆனால் இரு கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட முயல வேண்டா என்பது நம் கருத்து. பாறையின் கணக்கைப் பாறையைக் கொண்டே கற்பிப்போம்.

இன்னும் ஒரு செய்தி. 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு என்பவர் இப்பகுதியை நடந்தளந்து, இப்பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பகுத்து எழுதினார். அன்று இவையெல்லாம் திருச்சி மாவட்டம். 1995இல்தான் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்தது. மாவட்ட எல்லைகள் மாறினும் பிளான்ஃபோர்டு இட்ட மூன்று பெயர்களும் இன்றும் உலகமெங்கும் புவியியல் நூல்களில் வழங்குகின்றன. இம்மூன்றில் ஊட்டத்தூர்த் தொகுதி மேற்கே கிடக்கிறது, அது மூத்தது. கிழக்கே வரவர இளையவை. ஆகவே காலையில் மேற்கே தொடங்கி மாலையில் கிழக்கே முடித்தால், பிள்ளைகள் காலத்தில் முன்னேறி வருவர். இப்பயணத்தின் வழியை இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வாறு அமைத்துள்ளோம்.

முதலிற் செல்லவேண்டியது பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடைப்பட்ட வெளி மழைநீரால் அரிக்கப்பட்டு, ஆயிரம் சிறு ஓடைகளும் மேடுகளுமாகக் கிடக்கிறது. மரமில்லை, நிழலில்லை, கடையில்லை. ஆதலால் வெயிலேறுமுன் போய்விடுக. குடிநீரைக் கையோடு கொண்டுபோகுக. முதற்பார்வையில் பாழ்நிலம் என்றே தோன்றும். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனை நாட்டின் புவியியல் மரபுச் சின்னங்களுள் ஒன்றாக வரிசைப்படுத்தியுள்ளது என்று சொன்னாற்கூடப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவர்களை ஓரிடத்தில் குந்தவைத்து, பத்து நிமிடம் தரையை மட்டும் பார்க்கச் சொல்லுக. பிறகு தாமே கூவத் தொடங்குவர்.

முதலிற் கண்ணிற்படுவது வெயிலில் மின்னும் ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் கண்ணாடிச் சில்லுப்போல் ஓடிக்கிடக்கும். அடுத்து, துப்பாக்கிக் குண்டு போன்ற பழுப்புநிறக் கூர்ங்கல். இதற்குப் பெலம்நைட்டு என்று பெயர். கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப்பகுதி அது. கண்ணும் கூரியதாய் நல்வாய்ப்பும் உண்டெனில் சுறாமீனின் பல்லும் தென்படக்கூடும். சுறாவின் உடல் எலும்பாலானதன்று, குருத்தெலும்பாலானது. அதனால் உடல் மக்கிவிட, உதிர்ந்த பற்கள் மட்டும் எஞ்சின.

எல்லாவற்றிலும் பிள்ளைகள் மனத்தைக் கவர்வது அம்மோனைட்டு. ஆட்டுக்கடாவின் கொம்பைச் சுருட்டி வைத்தாற்போன்றது. நத்தை என்றே எவரும் நினைப்பர். இங்கேதான் பெற்றோர் சற்று நின்று கற்பிக்க வேண்டும். நத்தையின் ஓட்டுக்குள் தடுப்பில்லை. கடைசிவரை ஒரே குகை. அம்மோனைட்டின் ஓடோ பல அறைகளாகத் தடுக்கப்பட்டது. உயிர் வளரவளரப் பழைய அறையைச் சுவரெழுப்பி மூடிவிட்டு, முன்னால் பெரிய அறை கட்டிக்கொண்டு குடியேறும். மூடிய அறைகளில் காற்றை நிறைத்து நீரில் மிதக்கும். அறைச்சுவர் ஓட்டைத் தொடும் கோடு கீரையிலையின் விளிம்புபோல நெளிந்து காணப்படும். அந்த நெளிவை வைத்தே அறிஞர்கள் இது எவ்வினம், எந்தக் காலத்தது என்று கூறுவர். நம் அக்கம்பக்கத்து வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. பெரும்பாலும் அதுவும் ஓர் அம்மோனைட்டே. காரையிற் கிடப்பதைக் காட்டிலும் மூத்தது. இமயமலைக்குள் கடலுயிர் எவ்வாறு போயிற்று என்று பிள்ளை கேட்டால் விடையை மாலைவரை ஒத்திவைக்க.

இனி, இப்பாடத்தில் நாம் மிகவும் வற்புறுத்த வேண்டிய செய்திக்கு வருகிறோம். காரையில் எதையும் எடுத்துச் சட்டைப்பையில் போடக்கூடாது. இலை, விதை, இறகு முதலியவற்றைச் சேகரித்து வகுப்பறையில் காட்சிக்கு வைப்பதை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் கற்பித்தன. இலை அடுத்த தளிரில் மீண்டும் வரும். அம்மோனைட்டு வராது. அதன் குலமே 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகிலிருந்து அற்றுப்போயிற்று. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில், எப்படிச் சாய்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி முழுவதும் உள்ளது. ஏட்டுச்சுவடியிலிருந்து எண்ணிடாத ஓர் ஓலையை உருவி வந்து அலமாரியில் வைத்தால், நம்மிடம் ஓலை இருக்கும், பாட்டு இருக்காது. சுவடியிலும் ஒரு பாட்டு குறைந்துபோம்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே வாதாடும்: "மழை எப்படியும் அரித்துக்கொண்டு போகத்தானே போகிறது? நான் எடுத்தால் என்ன?" கேட்கட்டும், நல்ல கேள்வி. அரிக்கும் மழையே அடுத்த அடுக்கைத் திறந்தும் காட்டுகிறது. அடுத்த ஆண்டு அளவுகோலோடு வருகிற ஆய்வாளருக்கு இது இவ்விடத்தில் கிடந்தால் பயன்; உன் மேசைமேல் கிடந்தால் பயனில்லை. அத்துடன் நீ ஒருவன் அல்லன். பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் வருகிறார்கள். இவ்வாறு விடை சொல்லி, கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுக. நிழற்படத்தைக் காட்டிலும் வரைபடமே மேல் என்போம். வரைவதற்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொள்ளாமை என்பது நம் குழந்தைகளுக்குப் புதிய சொல்லும் அன்று.

காரையை விட்டுச் சாத்தனூர் செல்க. ஊருக்கு அருகே, வேலியிட்ட வளாகத்துக்குள், கல்லாகிய ஒரு பெருமரம் விழுந்த வாக்கில் கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். 1940இல் இதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநராக விளங்கியவர். மரத்தின் வயது பத்துக் கோடி ஆண்டுகளை ஒட்டியது. சில நூல்கள் 12 கோடி என்றும் எழுதும். வேறுபாடு கண்டு மயங்க வேண்டா. பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முன் காடுகளை ஆண்ட ஊசியிலை மரக்குலத்தைச் சேர்ந்தது என்பர்.

மரம் கல்லானது எப்படி? ஆற்றுவெள்ளம் இம்மரத்தைப் பெயர்த்துக் கரையோரக் கடலுக்குக் கொண்டுவந்து சேற்றில் புதைத்தது. சேறு உடனே மூடிவிட்டமையால் காற்றுப் படவில்லை, உளுக்கவில்லை. பிறகு, மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் கரைந்த நீர், மரத்தின் நுண்ணறைகளுக்குள் ஊறி ஊறி, மரச்சத்து கரையக் கரைய அதனிடத்தைத் தான் நிரப்பிக்கொண்டது. ஒரு மாளிகையின் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதே இடத்தில் கருங்கல் வைத்தாற்போல, உருவம் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. ஆகவேதான் பட்டையின் வரியும் கணுவும் இன்றும் தெரிகின்றன. இம்மரத்தைச் சுற்றியுள்ள பாறையில் கடலுயிர்களின் ஓடுகளும் காணப்படுவதால், மரம் நின்ற இடம் இதுவன்று, வந்து சேர்ந்த இடமே இது என்று தெளிகிறோம். வரகூர் ஓடை முதலிய இடங்களிலும் சிறுசிறு கல்மரத் துண்டுகள் கிடைத்துள்ளன.

வேலி எதற்கு என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. தொட்டுப் பார்க்கவிட்டால் என்ன என்பர். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1872இல் நிறுவப்பட்டது, உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படுவது. பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டெழும் ஊற்றுகளும் காட்டெருமைக் கூட்டங்களும் அங்கே புகழ்பெற்றவை. அப்பூங்காவில் நின்றவாக்கிலேயே கல்லான மரம் ஒன்றுள்ளது. அதனருகே அதைப்போன்ற மற்றொரு கல்மரமும் முன்பு நின்றது. பார்க்க வந்தவர்கள் நினைவுக்காக ஆளுக்கொரு சில்லாகப் பெயர்த்துப் பெயர்த்து, முழுமரத்தையும் கொண்டுபோய்விட்டனர். எஞ்சிய மரத்துக்கு 1907இல் இரும்புவேலி போட்டனர். அந்தப் பார்வையாளருள் ஒருவர்கூடத் தாம் ஒரு மரத்தை அழித்ததாக நினைத்திருக்கமாட்டார். ஆளுக்கு ஒரு சில்லுதானே! சாத்தனூரின் வேலியைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுக.

சாத்தனூரிலேயே கட்டுச்சோற்றை முடித்துக்கொள்ளலாம். மீந்த தாளையும் இலையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புக.

நண்பகலுக்குமேல் அரியலூர். இங்கே சுண்ணாம்புக்கல்லே ஊர், சுண்ணாம்புக்கல்லே பிழைப்பு. இப்படுகையின் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1939இல் டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை தொடங்கிற்று. 1979இல் அரியலூரில் அரசுச் சிமெண்டு ஆலை வந்தது. பின்னர்த் தனியார் ஆலைகள் பல. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புப்பாறை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழைமையுடையது. அதில் கிரைஃபியா என்னும் தடித்த கடற்சிப்பி அடுக்கடுக்காக, நெல்மூட்டை அடுக்கினாற்போல் நிறைந்துள்ளது. சிப்பியின் ஓடுதான் சுண்ணாம்பு, சுண்ணாம்புதான் சிமெண்டு. நம் வீட்டுச் சுவரில் அந்தக் கடல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால் வியப்பர்.

சுரங்கங்களைக் குறைகூறுவது எளிது. வீடும் பள்ளியும் பாலமும் சிமெண்டில்லாமல் எழுவதில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே சோறு. வெட்டிய குழிகளால்தான் பல அடுக்குகள் கண்ணுக்கே தெரிந்தன என்பதும் உண்மை. ஆனால் வெட்டி முடித்த ஒவ்வொரு பெருங்குழியிலும் ஒரு சுவரையாவது, ஓர் ஆள் உயரத்துக்கு, அடுக்கு தெரியும்படி விட்டுவைக்கலாம் அல்லவா? நாம் கேட்பது அவ்வளவே. சுரங்கத்துக்குள் அனுமதியின்றி நுழைதல் கூடாது; பெருவண்டிகள் ஓடும் இடமாதலால் சிறாருடன் போவதும் தக்கதன்று. அரியலூருக்குத் தெற்கே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது. காரையில் எடுக்காமல் விட்டுவந்தவற்றை அங்கே நிதானமாகக் காணலாம். காலையில் வரைந்த படத்தோடு பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பாடசாலையில் ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை வகைப்படுத்திப் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிறு வேலை கொடுக்கலாம். சாத்தனூர் மரம் ஓரறிவுயிர். சிப்பியும் சங்கும் ஈரறிவுயிர். தொல்காப்பிய மரபியலும் நத்தை முதலியவற்றை ஈரறிவில் வைக்கும். சுறாவை எங்கே வைப்பது? கண்ணுள்ள கணவாய்க்கு உறவான அம்மோனைட்டைச் சிப்பியோடு வைப்பதா, வேறிடத்தில் வைப்பதா? அவர்களே பேசி முடிவு செய்யட்டும். நாம் இடையே புகவேண்டா.

இம்மாவட்டத்தில் டைனோசாரும் உண்டா என்று கேளாத பிள்ளை இராது. உண்டு. கல்லமேடு என்ற ஊரருகே மாட்லி என்ற ஆங்கிலேயர் எலும்புகளைக் கண்டு 1929இல் எழுதினார். பின்னர் 1980களின் இறுதியில், யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர் அவ்விடத்தில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை ஆராய்ந்து, பேருடல் படைத்தது என்று பொருள்பட ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயரிட்டனர். கால் எலும்பு ஒன்றுமட்டுமே 2 மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்ற பேச்செழுந்தது. ஆனால் ஈரக்களிமண்ணில் நைந்துகிடந்த அவ்வெலும்புகள் பாதுகாப்பாகச் சென்றுசேருமுன்பே பொடிந்துபோயின என்பது 2017இல் எழுத்தில் வெளிவந்தது. எஞ்சியவை சில படங்களே. அவை எலும்புதானா, கல்மரமா என்றுகூட ஐயுற்றோர் உண்டு. 2022இல் பழைய நிழற்படங்களை வெளியிட்டு, எலும்பே என்று வாதிட்டிருக்கிறார்கள். பொருள் கையில் இருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கக்கூடிய வழக்கு இது.

அப்படியானால் எடுக்காமல் விடுவதும் தவறோ என்ற ஐயம் எழும். எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டுப்போட்டு, பசை ஊட்டி, இடத்தை அளந்து குறித்து எடுக்க வேண்டும். அதற்குரிய பயிற்சி உடையவர் எடுப்பது காத்தல். நாம் எடுப்பது பறித்தல். பெரிய எலும்போ முழு அம்மோனைட்டோ கண்ணிற்பட்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து நிழற்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்தில் தெரிவிப்பதே நாம் செய்யத்தக்கது.

கூடவே, கண்டதையெல்லாம் டைனோசார் முட்டை என்று கூவவும் கூடாது. செந்துறைப் பகுதியில் முட்டைக் குவியல்கள் கிடைத்ததாக 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்து மண்ணில் உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட, முட்டை முட்டை என்று ஊரே திரண்டது. புவியியலாளர் வந்து பார்த்தபோது, அவை அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்ட கற்கள் என்று தெரிந்தது. உருண்டையாய் இருப்பதெல்லாம் முட்டையாகாது என்பதைப் பிள்ளைகள் கொழுக்கட்டையைக் கொண்டே அறிவர்.

இனிக் கரைவெட்டி. வெயில் தாழும் வேளையில் போய்ச்சேருவது நன்று. காவிரி நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் கொண்டுவந்து நிரப்பும் பாசன ஏரி இது. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். பறவைகள் சரணாலயமாக விளங்கிவந்த இவ்வேரி 2024 சனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலை என்பது அதன் பொருள். உழவருக்கு இது நெல்லுக்கான நீர். பறவைகளுக்கு வலசை இல்லம். இருவரும் ஒரே ஏரியைப் பங்கிட்டுக் கொள்கின்றனர்.

கரைமேல் ஓசையின்றி நடந்து சென்றால், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், நீலத்தாழைக்கோழி ஆகியவற்றைக் காணலாம். நத்தைகுத்தி நாரை என்று ஒன்றுண்டு. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். வயல் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை லாவகமாகப் பிரித்தெடுக்கும். காலையில் கண்ட அம்மோனைட்டுக்கும் இந்த நத்தைக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது கேட்டுப் பாருங்கள். சொல்லாவிட்டால் கோபிக்க வேண்டா, பிள்ளைகள் களைத்திருப்பர்.

ஏரிக்குப் பெருமை சேர்ப்பது வரித்தலை வாத்து. வெண்ணிறத் தலை; பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள்; ஒருமுறை பார்த்தால் மறவாது. இது நம்மூர்ப் பறவையன்று. லடாக், திபெத்து, மங்கோலியா நாட்டு ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர் வருமுன் புறப்பட்டு, இமயத்தைக் கடந்து தெற்கே வருவது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் கண்டுள்ளனர். உடலில் சிறுகருவி பொருத்தி ஆராய்ந்தபோது, 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இவை பறந்தமை பதிவாயிற்று. அவ்வுயரத்தில் மனிதனுக்கு மூச்சுத் திணறும். வாத்தின் குருதிச் சிவப்பணுக்கள் மெல்லிய காற்றிலிருந்தும் உயிர்வளியைப் பற்றிக்கொள்ளும் திறனுடையன; நுரையீரலும் பெரிது.

காலையில் ஒத்திவைத்த விடையைச் சொல்ல இதுவே தருணம். சாத்தனூர் மரம் பச்சையாய் நின்றபோது இமயமலை இல்லை. இந்தியா தென்கடலில் மிதக்கும் தீவென விலகிக்கொண்டிருந்தது. வடக்கே நகர்ந்து நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதிற்று. இடையிலிருந்த கடலின் அடித்தளம் மடிந்து உயர்ந்து மலையாயிற்று. கண்டகியின் சாளக்கிராமம் அந்தக் கடலில் வாழ்ந்தது. வாத்து கடக்கும் உயரங்களில் கடற்சிப்பி கிடப்பது அதனால்தான்.

இங்கே ஒருவரை நினையாமல் இருக்க இயலவில்லை. இப்பகுதிப் படிவங்களை முதலில் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பியவர்கள் 1840களில் சென்னை அரசாங்கத்தில் பணியாற்றிய கேய், கன்லிஃப் என்ற இருவர். அவற்றைப் பிற்காலத்தில் முழுமையாக ஆராய்ந்து, ஒவ்வோர் அம்மோனைட்டையும் நத்தையையும் சிப்பியையும் படம் வரைவித்து, 1873 வரை நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்து இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றியவர். அரியலூரின் சிப்பிகளை எழுதி முடித்த மறு ஆண்டே, 1874 சூனில், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் மலையுச்சிக் காற்றில் நோயுற்று லடாக்கில் இறந்தார். வயது 36. லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது. வரித்தலை வாத்துகள் குஞ்சு பொரிக்கும் நாடு அது. எந்தச் சிறுவனுக்கும் நாட்டுப்படத்தில் அரியலூரையும் லேயையும் ஒரு கோட்டால் இணைத்துக்காட்ட இதைவிட நல்ல கதை நமக்குத் தெரியவில்லை.

பறவைகளைக் கல்லெறிந்து எழுப்பிப் பறக்கவிட்டுப் பார்க்கும் ஆசையைப் பெரியவர்களே அடக்கிக்கொள்ள வேண்டும். நெடுந்தொலைவு பறந்து வந்து ஓய்வெடுக்கும் வாத்தை ஒருமுறை விரட்டினால், அது சேர்த்துவைத்த கொழுப்பில் ஒரு பகுதி வீணாகிறது; பங்குனியில் திரும்பிப் போகும்போது அந்தக் கொழுப்புதான் அதற்கு வழிச்சோறு. அந்திக்குமுன் உண்ணும் வழக்கமுடையோர் ஏரிக்கரையிலேயே சிற்றுண்டியை முடித்துக்கொண்டு புறப்படுவது வசதி. தஞ்சைக்குப் போய்ச்சேர இருட்டிவிடும்.

வீடு திரும்பியபின் செய்யவேண்டிய வேலை இரண்டே. பதினெட்டு மீட்டர்க் கயிறொன்றை எடுத்து, தெருவிலோ கோயில் பிராகாரத்திலோ நீட்டிவைத்து, கல்மரத்தின் நீளத்தில் எத்தனை பிள்ளைகள் வரிசையாய்ப் படுக்க முடியும் என்று எண்ணிப் பார்க்கட்டும். அடுத்து, உலகப்படத்தை விரித்து இவ்வினாவுக்கு விடை தேடட்டும்: வரித்தலை வாத்து இமயத்தைக் கடக்கும் வழியிலும் பாறையில் கடலுயிர் உள்ளது, வந்து சேரும் அரியலூர் வயல்களிலும் உள்ளது. அந்தக் கடலும் இந்தக் கடலும் ஒன்றா, வேறா? எவ்வாறு அறிந்தாய்? விடையைச் சிறார் தம் கையெழுத்திலேயே, காரையில் வரைந்த படத்துடன், இவ்விதழின் முகவரிக்கு அனுப்புக.